மூன்றாம் நாள் தெளிந்த நீர்

வியட்நாமின் மீகோங் டெல்டாவில் மழைக்காலம் வந்தால் விரால் நெல்வயலுக்குக் குடிபெயரும். நம் ஊரிலும் அப்படித்தான். கண்மாய் நிரம்பி வாய்க்கால் வழியே வயலுக்குத் தண்ணீர் ஏறும்போது மீனும் கூடவே ஏறிவிடும். மீகோங் டெல்டாவில் உள்ள கேன் தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். வளர்ந்த விரால்களைக் கூண்டுகளில் அடைத்து நெல்வயலுக்குள் இறக்கினார்கள். அப்பகுதி உழவர்கள் அப்போது வழக்கமாக அடித்த டயசினான் என்ற பூச்சிமருந்து அந்த வயலில் ஒரே ஒரு முறை அடிக்கப்பட்டது. பிறகு வயல் நீரையும் மீன்களின் மூளையையும் சோதித்துக்கொண்டே வந்தார்கள். முடிவு 2008-இல் வெளியானது. நீரில் இருந்த டயசினான் 3 நாட்களுக்குள் கருவிக்கு அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது. விராலின் மூளையில் இருந்த ஒரு நொதியோ அதற்குப் பிறகும் நெடுநாள் முடங்கியே கிடந்தது.

நான்காம் நாள் அந்த வயலுக்கு ஓர் அதிகாரி வந்து நீரைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால், ‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்திருக்கும். அறிக்கையில் பொய் ஏதும் இல்லை. புட்டி அது நிரம்பிய நிமிடத்தை மட்டும் அறியும். பூச்சிமருந்து நீருக்குள் வருவதோ திடீரென்றுதான். மருந்து அடித்த அன்று மாலை ஒரு மழை பெய்தால் வாய்மடை வழியே ஒரேயடியாக வழிந்து ஓடைக்குப் போய்விடும். அந்தச் சில மணி நேரத்தில் புட்டியோடு ஓடைக்கரையில் யாரும் நிற்கப் போவதில்லை. மீன் அங்கேயே இருக்கிறது. அதன் மூளையைப் படிக்கத் தெரிந்தால் போன வாரம் என்ன ஓடியது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ‘ஓரளவு’ என்று இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. எல்லா மீனின் மூளையும் ஒரே மாதிரி எழுதுவதில்லை.

அந்த நொதியின் பெயர் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். நரம்பு முடிந்து தசை தொடங்கும் இடத்திலும், மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றோடு பேசும் இடத்திலும் இது இருக்கும். நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியேறி எதிர்ப்பக்கத்தில் ஒட்டினால் தசை சுருங்குகிறது. சுருங்கிய தசை தளர வேண்டுமானால் அந்த அசிட்டைல்கோலின் உடனே அழிய வேண்டும். அதை வெட்டி அழிப்பதுதான் இந்த நொதியின் வேலை. ஒரே ஒரு நொதி மூலக்கூறு நொடிக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வெட்டித் தள்ளும். உயிர் உலகில் இவ்வளவு வேகமாக வேலை செய்யும் நொதிகள் சிலவே. இதை முடக்கிவிட்டால் அசிட்டைல்கோலின் தேங்கும், தசைகள் சுருங்கியபடியே துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். பூச்சிக்கும் இதே கதி, மீனுக்கும் இதே கதி, மருந்தைக் குடித்துவிட்டு அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படும் மனிதருக்கும் இதே கதி.

இந்த நொதியை முடக்கும் பூச்சிமருந்துகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று ஆர்கனோபாஸ்பேட்: டயசினான், மாலத்தியான், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் இந்தக் குடும்பம். மற்றொன்று கார்பமேட்: கார்பரில், கார்போபியூரான் போன்றவை. (கார்பரில் செய்வதற்கான மூலப்பொருளாகச் சேமித்து வைக்கப்பட்டிருந்ததுதான் 1984-இல் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்.) இரண்டும் நொதியின் வினை நடக்கும் மையத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தின் மேல்தான் போய் உட்காருகின்றன. வித்தியாசம் எழுந்து போவதில் இருக்கிறது. கார்பமேட் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுச் சில மணி நேரத்தில் தானாகக் கிளம்பிவிடும் விருந்தாளி. ஆர்கனோபாஸ்பேட் நாள்கணக்கில் தங்கும். சில வகைகள் அப்படியே பட்டாவையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். அந்தக் கடைசி நிலையை வேதியியலார் நொதியின் முதுமை என்பார்கள். ஒட்டிய மூலக்கூறின் ஒரு பகுதி உதிர்ந்து, பிணைப்பு இறுகி, இனி எந்த மாற்று மருந்தாலும் பிரிக்க முடியாமல் போய்விடும். அப்புறம் உடல் புதிதாக நொதியைத் தயாரித்தால்தான் உண்டு. அதற்கு மீனுக்கு வாரங்கள் ஆகின்றன. நீர் மூன்று நாளில் தெளிந்தும் மூளை தெளியாததன் காரணம் இவ்வளவுதான்.

இந்த நொதியைப் பற்றி மனிதன் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி நீரில் வாழும் உயிர்களிடமிருந்து வந்தது. நரம்பு வேதிப்பொருள் மூலம் பேசுகிறது என்று ஆட்டோ லோவி 1921-இல் காட்டியது தவளையின் இதயத்தில். அந்த வேதிப்பொருளை மிகச் சிறிய அளவிலும் கண்டுபிடிக்க உதவியது அட்டையின் முதுகுத் தசை. அட்டைத் தசையை எசரின் என்ற தாவர நஞ்சில் ஊறவைத்தால் அதன் கோலினெஸ்டரேஸ் முடங்கிப்போகும். பிறகு அசிட்டைல்கோலின் துளியளவு பட்டாலும் தசை சுருங்கிக் காட்டிவிடும். ஹிட்லர் ஆட்சியில் யூதர் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்ட வில்ஹெல்ம் பெல்ட்பெர்க் 1933-இல் இந்த உத்தியோடு பெர்லினிலிருந்து லண்டனுக்கு, ஹென்றி டேலின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். டேலும் லோவியும் 1936 டிசம்பரில் நோபல் பரிசு பெற்றார்கள். அதே மாதம் ஜெர்மனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவனத்தில், பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் டாபுன் என்ற ஆர்கனோபாஸ்பேட்டைத் தயாரித்தார். அது போர் நஞ்சாகிவிட்டது. அவரே பின்னர் 1944-இல் செய்த பாரத்தியான் வயலுக்கு வந்தது.

இன்னொரு யூத அகதி டேவிட் நாக்மன்சோன். 1937-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் உயிருள்ள டார்பிடோ மீன்களை அவர் பார்த்தார். டார்பிடோ என்பது மின்சாரம் பாய்ச்சும் ஒரு வகைத் திருக்கை. அதன் மின் உறுப்பு உண்மையில் உருமாறிய தசை. நரம்பு முனைகள் அதில் அடுக்கடுக்காக நெருங்கிக் கிடக்கும். அப்படியானால் கோலினெஸ்டரேஸும் குவிந்து கிடக்க வேண்டுமே என்று நாக்மன்சோன் சோதித்தார். வேறெந்தத் திசுவிலும் பார்த்திராத அளவுக்கு இருந்தது. பிறகு அமெரிக்கா சென்றபோது மின்விலாங்கைப் பிடித்துக்கொண்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வகத்தில்தான் இர்வின் வில்சன் 1955-இல் பிராலிடாக்சிம் என்ற மாற்று மருந்தை வடிவமைத்தார். நொதியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆர்கனோபாஸ்பேட்டை அது பெயர்த்தெடுக்கும். நம் மருத்துவமனைகளில் விஷ முறிவுக்கு அட்ரோபினோடு ‘பாம்’ என்று சொல்லி ஏற்றுகிறார்களே, அது இதுதான். இந்த மருந்து மறுபடியும் விராலிடம் திரும்பி வரும். சற்றுப் பொறுக்க வேண்டும். நொதியின் முப்பரிமாண வடிவமும் டார்பிடோவிலிருந்தே கிடைத்தது. 1991-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் குழுவினர் வெளியிட்ட அந்த வடிவத்தில், வினை நடக்கும் மையம் நொதியின் மேற்பரப்பில் இல்லை. சுமார் 2 நானோமீட்டர் ஆழமுள்ள குறுகலான ஒரு பள்ளத்தின் அடியில் இருக்கிறது.

இந்தப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விலங்கிலும் அதன் அகலமும் சுவரும் கொஞ்சம் வேறுபடும். நச்சு மூலக்கூறு எவ்வளவு எளிதாக அடிவரை இறங்கும் என்பதை அது தீர்மானிக்கிறது.

மீனின் மூளையை நீரின் தூய்மைக்குச் சாட்சியாக நிறுத்தலாம் என்ற எண்ணத்துக்கு வித்திட்டவர் சார்ல்ஸ் வைஸ். 1958-இல் மூன்று வகை நன்னீர் மீன்களின் மூளையில் கோலினெஸ்டரேஸை அளந்து, பூச்சிமருந்து அதை உயிருள்ள மீனிலேயே முடக்குவதைக் காட்டினார். 1964-இல் கேக்ஸ்டேட்டர் என்பவரோடு சேர்ந்து, நீரில் மருந்து இருக்கிறதா என்று அறியும் உயிர்வேதி முறையாகவே இதை முன்வைத்தார். அந்த இடைவெளியில், 1961-இல், ஜார்ஜ் எல்மன் வெளியிட்ட ஓர் அளவை முறை வேலையைச் சுலபமாக்கிவிட்டது. அசிட்டைல்கோலினுக்குப் பதில் கந்தகம் சேர்ந்த அதன் மாற்றுருவை நொதிக்குக் கொடுப்பார்கள். நொதி அதை வெட்டினால் வெளியாகும் பொருள் இன்னொரு வேதிப்பொருளோடு சேர்ந்து மஞ்சளாகும். எவ்வளவு விரைவாக மஞ்சள் ஏறுகிறதோ அவ்வளவு நொதி உயிரோடு இருக்கிறது. 412 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்த மஞ்சளை அளக்க ஒரு சாதாரண நிறமாலைமானி போதும். மீனைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, மூளையை எடுத்து அரைத்து, மையவிலக்கியில் சுற்றி, மேல் நீரைச் சோதித்தால் சில நிமிடங்களில் எண் கிடைத்துவிடும். விலங்கியல் துறை உள்ள எந்தக் கல்லூரியிலும் செய்யக்கூடிய வேலை. திருப்பதி வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் 1980-களிலேயே நம் ஜிலேபி மீனில் மீத்தைல் பாரத்தியானை வைத்து இதைச் செய்திருக்கிறார்கள்.

எண் கிடைப்பது சுலபம். எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பறவைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. அமெரிக்காவில் 1975-இல் லட்கேயும் சகாக்களும் வகுத்தது: மூளையின் கோலினெஸ்டரேஸ் வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் குறைந்தால் மருந்து பட்டிருக்கிறது; இறந்த பறவையில் 50 சதவீதம் குறைந்திருந்தால் மரணத்துக்குக் காரணம் மருந்து. மீன் ஆய்வாளர்கள் பலர் இதை அப்படியே இரவல் வாங்கினார்கள். மீன் அதற்கு ஒத்துவரவில்லை. கழிமுக மீன்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பெரும்பாலான இனங்கள் 70 சதவீதத்துக்கு மேல் இழந்த பிறகே சாகின்றன. 90 சதவீதத்துக்கு மேல் இழந்தும் நீந்திக்கொண்டிருக்கும் இனங்களும் உண்டு. மீன் முரட்டு உயிர் என்று இதற்குப் பொருள் இல்லை. சாகாமல் இருப்பதற்கும் நன்றாக இருப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் குஞ்சுகளை லிட்டருக்கு 0.6 முதல் 2.5 மைக்ரோகிராம் வரை குளோர்பைரிபாஸ் கலந்த நீரில் 4 நாட்கள் வைத்தார்கள். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மூளையின் நொதி எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்குக் குஞ்சுகளின் நீச்சலும் இரை தேடுவதும் மந்தமாயின. செத்து மிதந்த மீனைக் கண்டு பதறும் நாம், மெதுவாகச் சாப்பிடும் மீனைக் கவனிப்பதே இல்லை. கடலுக்குப் போக வேண்டிய குஞ்சுக்கு அந்த மந்தமே போதும். பெரிய மீன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரே மருந்து, ஒரே அளவு. ஆனால் ஒரு மீனின் நொதி பாதி முடங்குகிறது, இன்னொன்றில் ஒன்றும் ஆவதில்லை. ஏன்? பல காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

முதலில், நாம் கடையில் வாங்கும் பல ஆர்கனோபாஸ்பேட்டுகள் அந்த வடிவில் நொதியைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. டயசினான், மாலத்தியான், குளோர்பைரிபாஸ் எல்லாவற்றிலும் பாஸ்பரஸோடு ஒரு கந்தக அணு இணைந்திருக்கும். உடலுக்குள் போன பிறகு, ஈரலில் உள்ள நொதிகள் அந்தக் கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கின்றன. அப்போதுதான் அது உண்மையான நஞ்சாகிறது. அதாவது, நஞ்சை வெளியேற்ற முயலும் உடலே நஞ்சைக் கூர்தீட்டிக் கொடுக்கிறது. எந்த மீனின் ஈரல் இதை வேகமாகச் செய்கிறதோ அந்த மீன் அதிகம் பாதிக்கப்படும். சோதனைக்குழாயில் மீன் மூளைச் சாற்றோடு கடைச் சரக்கை நேரடியாகக் கலந்து ‘இந்த மீன் மருந்தைத் தாங்குகிறது’ என்று எழுதிவிடும் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவது இதனால்தான். ஈரலைக் கணக்கில் விட்டுவிட்டு மூளையைக் கேட்கிறார்கள்.

இரண்டாவது, நஞ்சைத் தாங்கிக்கொள்ளும் வேறு நொதிகள். கார்பாக்சில் எஸ்டரேஸ் என்றொரு கூட்டம் ஈரலிலும் இரத்தத்திலும் நிறைய உண்டு. நஞ்சு மூளைக்குப் போகும் வழியில் இவற்றின்மேல் போய் ஒட்டிச் செலவாகிவிடும். இவை முடங்கினால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. இவற்றின் இருப்பு தீர்ந்த பிறகுதான் மூளைக்கு அடி விழும். இதில் ஒரு விபரீதமும் உண்டு. மாலத்தியானை வெட்டிச் செயலிழக்கச் செய்வதும் இந்தக் கூட்டம்தான். வேறொரு ஆர்கனோபாஸ்பேட் முன்னதாகவே வந்து இவற்றை முடக்கிவிட்டால் மாலத்தியானைத் தடுக்க ஆளில்லை. 2009-இல் அதே சால்மன் குஞ்சுகளில் டயசினான், மாலத்தியான், குளோர்பைரிபாஸ், கார்பரில், கார்போபியூரான் ஐந்தையும் இரண்டிரண்டாகக் கலந்து பார்த்தார்கள். பல ஜோடிகளில் விளைவு வெறும் கூட்டலாக இருக்கவில்லை; தனித்தனியே தாங்கக்கூடிய அளவுகள் சேர்ந்தபோது குஞ்சுகளைக் கொன்றன. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் பாதுகாப்பு வரம்பு வைக்கும் சட்டங்கள் இந்த ஆய்வை எப்படிக் கடந்துபோகின்றன என்பது எனக்குப் புரியாத விஷயம். உழவர் ஒரே தொட்டியில் இரண்டு மருந்தைக் கலந்து அடிப்பது ஊரறிந்த நடைமுறை.

மூன்றாவது, நான் முன்பு சொன்ன பள்ளம். டிரௌட் மீனின் மூளை நொதியையும் எலியின் மூளை நொதியையும் அருகருகே வைத்து, கூர்தீட்டப்பட்ட பாரத்தியானைச் சேர்த்துப் பார்த்தபோது டிரௌட்டின் நொதி பல மடங்கு குறைவாகவே மசிந்தது. ஈரலைக் குறை சொல்ல இங்கே வழியில்லை, இது நொதியின் உருவத்திலேயே இருக்கும் வேறுபாடு. பூச்சிகளின் நொதியோ எதிர்ப்பக்கம். மருந்துகள் அவற்றுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்லவா? ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கும் உயிர் உணர்விகளுக்கு வெகுகாலம் மின்விலாங்கின் நொதியைத்தான் பயன்படுத்தினார்கள், கடையில் கிடைக்கிறது என்ற காரணத்துக்காக. பிறகு பழ ஈயின் நொதி மேலும் நுட்பமாக உணர்கிறது என்று கண்டு, அதில் மரபணு மாற்றம் செய்து இன்னும் கூர்மையான வடிவங்களைப் பிரான்சில் உருவாக்கினார்கள்.

கடல்சிப்பிகளுக்கு வந்தால் கதை இன்னும் குழம்புகிறது. பிரான்சின் கடல் ஆய்வு நிறுவனமான இஃப்ரமேர் 1990-களில் ஐரோப்பியக் கரையோரத்தை இந்த நொதியைக் கொண்டு கண்காணிக்க முனைந்தது. வட கடலில் டாப் என்ற தட்டை மீனின் தசையை எடுத்துப் பார்த்தபோது, ஜெர்மனியின் எல்ப் ஆற்று முகத்துவாரத்தை நெருங்க நெருங்க நொதி குறைவதும் திறந்த கடலுக்குப் போகப் போக ஏறுவதும் தெரிந்தது. மாசின் சரிவு மீனின் தசையில் அப்படியே பதிந்திருந்தது. அடுத்தது சிப்பி. சிப்பி இடம் பெயராது, ஓரிடத்திலேயே ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் நீரை வடிகட்டும். இதைவிடப் பொருத்தமான காவலாள் யார்? ஆனால் 1997-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த போக்கனேயும் சகாக்களும் பசிபிக் சிப்பியில் இரண்டு விதமான கோலினெஸ்டரேஸ் இருப்பதைக் கண்டார்கள். அவற்றில் ஒன்று ஆர்கனோபாஸ்பேட்டுக்கும் கார்பமேட்டுக்கும் அசைவதே இல்லை. சிப்பியை மொத்தமாக அரைத்து அளந்தால் அசையாத நொதி அசைந்த நொதியின் இழப்பை மறைத்துவிடும். அறிக்கை சுத்தமாக வரும். சிப்பியும் உயிரோடுதான் இருக்கும்.

இவற்றையெல்லாம் மிஞ்சும் ஓர் உதாரணம் கலிபோர்னியாவில் இருக்கிறது. ஹயலெல்லா அஸ்டெகா என்பது அரிசி அளவே உள்ள ஓட்டுடலி. இறாலுக்குத் தூரத்து உறவு. அமெரிக்காவில் நீர் நச்சுச் சோதனைகளுக்கு இதைத்தான் நிறையப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவு மென்மையான உயிர். வேளாண் வடிகால்களிலும் நகர ஓடைகளிலும் வாழும் ஹயலெல்லாக்களைப் பிடித்துப் பார்த்தபோது சில இடங்களில் அவை குளோர்பைரிபாஸுக்கு அலட்டிக்கொள்ளவில்லை. 2020-இல் காரணம் வெளியானது. நொதியின் 119-ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் செரின் வந்து உட்கார்ந்திருக்கிறது. மலேரியா பரப்பும் கொசுவும், நம் சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவின் உறவுகளும் மருந்தை எதிர்த்து நிற்கக் கண்டுபிடித்த அதே மாற்றம். கொசுவின்மேல் மருந்தை வேண்டுமென்றே அடித்தோம். ஹயலெல்லாவை யாரும் குறிவைக்கவே இல்லை. வழிந்து வந்த மருந்தே தலைமுறை தலைமுறையாக அந்த ஓடையைச் சலித்து, தாங்கியவற்றை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது. அந்த ஓடையில் இருந்து இந்த உயிரைப் பிடித்து நொதியை அளந்தால் ‘எல்லாம் நலம்’ என்றே வரும். மிக மோசமாக மாசுபட்ட இடமே மிகச் சுத்தமான எண்ணைக் கொடுக்கும்.

இதனால் இந்த முறையையே தூக்கி எறிய வேண்டுமா? நான் அப்படி நினைக்கவில்லை. எந்த விலங்கு, எந்தத் திசு, எந்த வழக்கமான அளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ளாமல் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இந்த வழக்கமான அளவுதான் எரிச்சலூட்டும் வேலை. சிறிய மீனின் மூளையில் எடைக்கு எடை நொதி அதிகம். மீன் வளர வளரக் குறையும். வெயில் காலத்தில் ஓர் அளவு, குளிரில் வேறு. உறைகுளிரில் சேமித்து வைத்த திசு மெல்ல மெல்லச் செயலிழக்கும். கார்பமேட் பட்ட மீன் என்றால் நிலைமை நேர் எதிர்: ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நொதி விடுபட்டு எழுந்துவிடும், சாட்சியும் போய்விடும். இலங்கையின் களனிப் பல்கலைக்கழகத்தில் ஜிலேபி மீனை வைத்து அசோகா பத்திரத்னவும் சகாக்களும் செய்த ஆய்வு இந்தச் சில்லறைக் காரணங்களைத்தான் எடுத்துக்கொண்டது. மீனின் அளவும் அளவிடும் முறையும் மூளை, தசை நொதிகளை எப்படி மாற்றுகின்றன என்று பொறுமையாகக் கணக்கிட்டு 2008-இல் வெளியிட்டார்கள். பத்திரிகைத் தலைப்பு ஆகாத ஆய்வு. ஆனால் இப்படி ஒன்று இல்லாமல் ஒரு குளத்து மீன் எண்ணை இன்னொரு குளத்து எண்ணோடு ஒப்பிடுவது வெறும் ஊகம். ஜிலேபி மீன் நம் குளங்களிலும் தேவைக்கு மேலேயே கிடைக்கிறது என்பதால் அந்தக் கணக்கு நமக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும்.

இயற்கையும் தன் பங்குக்கு ஏமாற்றும். பச்சை பாய்ந்த குளங்களில் பெருகும் நீலப்பச்சைப் பாசிகளில் சில வகைகள் குவானிடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. அது இயற்கையே தயாரித்த ஓர் ஆர்கனோபாஸ்பேட். கோலினெஸ்டரேஸை அச்சு அசலாகப் பூச்சிமருந்து போலவே முடக்கும். அப்படிப்பட்ட குளத்தில் செத்த மீனின் மூளையை மட்டும் காட்டி மேட்டு நில உழவரைக் குற்றவாளியாக்க முடியாது.

வழக்கமான அளவு தெரியாத இடத்தில் தப்பிக்க ஒரு வழி உண்டு. இங்கேதான் பிராலிடாக்சிம் திரும்பி வருகிறது. மீகோங் ஆய்வாளர்கள் விராலின் மூளைச் சாற்றில் அந்த மாற்று மருந்தைக் கலந்து வைத்துப் பார்த்தார்கள். டயசினானால் முடங்கிய நொதி எழுந்து, மருந்து படாத மீனின் அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டியது. இதன் அழகு என்னவென்றால், ஒப்பிட வேறு சுத்தமான மீன் தேவையில்லை. ஒரே மூளையை இரண்டாகப் பங்கிட்டு ஒரு பங்கில் மட்டும் மாற்று மருந்தைச் சேர்த்தால் போதும். அந்தப் பங்கில் நொதி கணிசமாக எழுந்தால் அங்கே ஓர் ஆர்கனோபாஸ்பேட் உட்கார்ந்திருந்தது என்று பொருள். வெறுமனே நீர்க்கச் செய்து, இளஞ்சூட்டில் வைத்ததுமே நொதி தானாக எழுந்தால் கார்பமேட். மீனின் வயதும் வெயிலும் குளிரும் இரண்டு பங்குக்கும் ஒன்றேயாதலால் அவை கணக்கிலிருந்து கழிந்துவிடும். முதுமை எய்திய நொதி மட்டும் எந்த உத்திக்கும் எழாது. எனவே மருந்து பட்டு நெடுநாளான மீனில் இந்தச் சோதனை உண்மையைக் குறைத்தே சொல்லும். முதுமை எய்தாத சாட்சிக்குத்தான் இது சரி.

விரால் ஆய்வு அதோடு நிற்கவில்லை. ஒரு முறை அடிப்பதோடு எந்த உழவரும் நிறுத்துவதில்லை. ஒரு போகத்துக்குள் பல முறை அடிப்பார்கள். அதனால் இடைவெளி விட்டு இரண்டு முறை டயசினான் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் அடியிலிருந்து நொதி எழுவதற்குள் இரண்டாவது விழுந்தது. முடக்கம் கூடியது, மீனின் வளர்ச்சியும் குன்றியது. ஒவ்வொரு முறையும் நீரைச் சோதித்தவருக்குச் சில நாளில் தெளிந்த நீர்தான் கிடைத்திருக்கும். வயலில் விரால் பிடித்து விற்கும் குடும்பத்துக்குத் தெரிவது மீன் முன்போல் கொழுக்கவில்லை என்பது மட்டும்.

இந்தச் சோதனைக்கு இன்னும் எவ்வளவு காலம் வேலை இருக்கும் என்பது மருந்துச் சந்தையைப் பொறுத்தது. ரைன் ஆற்றங்கரையில் 1986 நவம்பர் 1 அன்று, பாசெல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தது. தீயணைத்த நீரோடு டைசல்போட்டான், தையோமெட்டான் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் ஆற்றில் கலந்தன. சுமார் 1,50,000 விலாங்குகள் செத்தன. அன்று இந்த நொதியை அளப்பது உலகப் பூச்சிமருந்துகளில் பெரும்பகுதியை அளப்பதற்குச் சமமாக இருந்தது. பிறகு பாரத்தியான் போயிற்று. குளோர்பைரிபாஸுக்கான அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் புதுப்பிக்கவில்லை. 2025-இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலிலும் சில விதிவிலக்குகளோடு அது சேர்ந்தது. அவற்றின் இடத்தைப் பிடித்த இமிடாகுளோப்ரிட் போன்ற நியோநிகோடினாய்டுகளும் அதே நரம்புச் சந்திப்பில்தான் தாக்குகின்றன. ஆனால் அவை அசிட்டைல்கோலினை வெட்டும் நொதியைத் தொடுவதில்லை. அசிட்டைல்கோலின் போய் ஒட்டும் ஏற்பியிலேயே தாங்கள் ஒட்டிக்கொள்கின்றன. பைரித்ராய்டுகள் நரம்பின் சோடியம் வாயில்களைத் திறந்தே வைக்கின்றன. இந்த இரண்டும் எவ்வளவு பட்டாலும் எல்மன் சோதனையில் மஞ்சள் நிறம் வழக்கம்போலவே ஏறும். நம் நெல்வயல்களில் இன்று பழைய மருந்தும் புதிய மருந்தும் ஒரே பருவத்தில் மாறி மாறி அடிக்கப்படுகின்றன. அங்கே பிடித்த விராலின் மூளை, அந்தப் பருவத்தில் அடித்தவற்றில் ஒரு பகுதியைப் பற்றித்தான் பேசும்.